தஞ்சாவூர் காது ஆஸ்பத்திரி: ஐந்துக்கு நாலு, ஒன்று டிவிக்காகக் கழித்தது

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நன்றிக்கடனில் மறந்துபோகும். காது வலியோடு வருகிறவர்கள் உட்காரும் கூடத்தில் ஒரு டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்பீக்கர் பின்பக்கம் இருக்கிற மாடல். அதைச் சுவரோடு ஒட்டி மாட்டியிருக்கிறார்கள். சத்தம் சுவரில் அடித்து, டைல்ஸ் தரையில் அடித்து, கடைசியில் ட்ரெபிள், அதாவது கீச்சுச் சத்தம், மட்டும் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி வந்து சேரும். காதில் சீழ் வைத்தவனுக்கு அது ஊசி. டோக்கன் கொடுக்கிற பெண்ணிடம் "கொஞ்சம் குறைம்மா" என்றால் உடனே குறைக்கிறார். பத்து நிமிடத்தில் காது மந்தமான பெரியவர் ஒருவர் "கேக்கலம்மா" என்பார். மறுபடி ஏறும். வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சத்தம் ஆகாது, மீதிப் பேருக்குச் சத்தம் கேட்காது. பேசாமல் அணைத்துவிடலாம்.

இவன் யார் இதைச் சொல்ல என்றால், நான் பாபநாசம் பக்கத்தில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட், அதாவது மைக்கும் ஸ்பீக்கரும், கட்டுகிறவன். வயது 55, தொழிலுக்கு வந்து 31 வருடம், சர்க்கரை வந்து 11 வருடம். ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டே எழுதலாம் என்றுதான் இருந்தேன். டாக்டரம்மா, "எழுதுங்க ஐயா, ஆனா நல்லதோ கெட்டதோ என் பேரும் வேண்டாம், ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் தஞ்சாவூரில், பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் இருக்கிற ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னால்தான் நாலு மார்க் எதற்கு என்று புரியும்.

போன ஆடிப் பதினெட்டுக்குத் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் மூன்று முழுக்குப் போட்டேன். நல்ல தண்ணீர், இழுப்பு அதிகம். கரையேறும்போது இடது காது அடைத்துக்கொண்டது. வழக்கமாகத் தலையைச் சாய்த்து நாலு குதி குதித்தால் போய்விடும். இந்தத் தடவை போகவில்லை. உள்ளே இருந்த குறும்பி ஊறி உப்பிவிட்டது. ஆடி மாதம், அம்மன் கோயில் கோயிலாக வேலை இருக்கிற நேரம். மிக்ஸரில் உட்காருகிறவனுக்கு ஒரு காது அடைத்தால் பாதிக் கடை மூடின மாதிரி. அவசரத்துக்கு ஓர் இடத்தில் போய்க் காட்டினேன். பெரிய சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சி அழுக்கை எடுத்தார்கள். அது காய்ச்சின தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று அவர்களும் கேட்கவில்லை. அன்று ராத்திரி உலகமே ட்ரெபிளோடு திரும்பி வந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தேன். மிச்ச ஈரத்தைப் பட்ஸ் போட்டுத் துடைத்தேன். பட்ஸ் தீர்ந்த அன்று பைக் சாவி.

ஒரு வாரத்தில் வலி ஆரம்பித்தது. வீட்டில் பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள், அவள் அம்மா அப்படித்தான் செய்வார்களாம். அப்புறம் மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து. அப்புறம் ஒரு டாக்டர், ஐந்து நாள் மாத்திரை. மாத்திரையில் கொஞ்சம் அடங்கியது, நிறுத்தினதும் வட்டியோடு வந்தது. பகலில் மந்தமாக இருக்கும், ராத்திரி ஒரு மணிக்கு மேல் காதிலிருந்து தாடை, கழுத்து என்று இறங்கும். இட்லியை மெல்லவே முடியவில்லை, கஞ்சியாகக் கரைத்துக் குடித்தேன். தலையணை உறையில் பச்சையும் மஞ்சளுமாகக் கறை. இதில் சர்க்கரை மாத்திரையை வேறு ஒழுங்காகப் போடவில்லை. சாப்பாடே இறங்கவில்லையே, மாத்திரை எதற்கு என்பது என் கணக்கு.

ஆவணி மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் செட் கட்டிவிட்டு மைக்கைச் சோதித்தேன். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றால் "ஹலோ, வைக் டெஸ்டிங்" என்று வருகிறது. மைக் தலையில் பஞ்சு நைந்துவிட்டதோ என்று வேறு மைக் மாற்றினேன். அதிலும் "வைக்". வயரை மாற்றினேன். சேனலை மாற்றினேன். என்னிடம் வேலை செய்கிற பையன் டீ வாங்கிவந்து கொடுத்தான். குடித்தேன், இடது கடைவாயில் வழிந்து சட்டையில் இறங்கியது. அவன் என் முகத்தையே பார்த்தான். "அண்ணே, மைக்ல ஒண்ணுமில்லண்ணே. உங்க வாய் ஒரு பக்கமா போவுது."

31 வருடத்தில் மைக்கை மாற்றியும் தீராத கோளாறு எனக்கு அதுதான் முதல் தடவை.

பக்கவாதம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கார் பிடித்துத் தஞ்சாவூருக்கு ஓடினோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். வலது பக்கம் சுருங்கியது, இடது பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. மூளையில் அடைப்பு என்றால் வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்குமாம். நெற்றியும் சேர்ந்து நின்றுவிட்டது என்றால் முகத்துக்கு வருகிற நரம்பிலேயே கோளாறு. "காதுல என்ன பஞ்சு?" என்று கேட்டார். சொன்னேன். நேரே இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

இங்கே என் டோக்கன் 43. அப்போது 17 ஓடிக்கொண்டிருந்தது. டோக்கன் கொடுத்த பெண் என் வாயைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சொல்லி, அடுத்த ஆளாக அனுப்பினார். முன்னால் இருந்த 25 பேரில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், அது நியாயம்தான். அந்தப் பெண் அவர்களுக்குப் பதில் சொன்ன விதத்துக்காகவே அரை மார்க் கொடுக்கலாம்: "ஐயாவுக்கு நரம்பு போயிட்டு இருக்கு, உங்களுக்கு நேரம்தான் போகுது."

டாக்டரம்மா காதைப் பார்க்கும் முன்பே விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். 318. அதைத் தாளில் எழுதி, கீழே கோடு போட்டுவிட்டு, அப்புறம்தான் காது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதுவார் என்று நினைத்தேன். படுக்க வைத்து, மைக்ராஸ்கோப்பை இழுத்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்தார். அந்தச் சத்தத்தைச் சொல்ல வேண்டும். கோயிலில் கூம்புக் குழாயின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம். நடுவில் தலை சுற்றியது, கட்டிலோடு கவிழ்கிற மாதிரி. காதுக்குள் குளிர்ந்த காற்று போனால் அப்படிச் சுற்றுமாம். நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுலேருந்து இருபது வரைக்கும் எண்ணுங்க" என்றார். எண்ணினேன். மறுபடி ஆரம்பித்தார். மொத்தம் 25 நிமிடம். ஒரு மாதமாக ஐந்தாறு பேர் என் காதில் எதை எதையோ ஊற்றினார்கள், உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் பார்த்தவர் இவர்தான். ஊற்றின மருந்தெல்லாம் சீழுக்கு மேலேயே மிதந்துகொண்டிருந்திருக்கிறது.

எதிரே திரையில் எல்லாம் தெரிந்தது. காதுக்குழி இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்குமாம். வெளிப்பக்கம் குருத்தெலும்பு, உட்பக்கம் எலும்பு. இரண்டும் சேருகிற இடத்தில், கீழ்த்தரையில், ஜவ்வரிசி அளவுக்குச் சிவப்பாக ஒரு சதை மொட்டு. அதைத்தான் அவர் தேடினாராம். சர்க்கரைக்காரருக்கு, ராத்திரியில் தூங்கவிடாத வலியோடு, இந்த இடத்தில் இந்த மொட்டு இருந்தால் அது சாதாரணக் காது வலி இல்லை. அதில் ஒரு துணுக்கைப் பரிசோதனைக்கு எடுத்தார். சீழையும் கல்ச்சருக்கு, அதாவது அதில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனைக்கு, அனுப்பினார். அப்புறம் மருந்தில் நனைத்த மெல்லிய திரி ஒன்றை உள்ளே வைத்தார். வீங்கின குழிக்குள் சொட்டு மருந்து போய்ச் சேர அதுதான் வழி.

சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். குருத்தெலும்பில் இயற்கையாகவே சின்னச் சின்ன வெடிப்புகள் உண்டு. கிருமி அதன் வழியாக இறங்கி மண்டையோட்டின் அடி எலும்புக்குப் போகிறது. முகத்துக்கு வருகிற நரம்பு காதுக்குக் கீழே ஒரு துவாரம் வழியாகத்தான் வெளியே வருகிறது, கிருமி போகிற வழியில் அதையும் பிடித்துக்கொள்கிறது. வயர் போகிற பைப்பில் தண்ணீர் இறங்கின மாதிரியா என்று கேட்டேன். "அதேதான் ஐயா, இனிமே நானும் அப்படியே சொல்றேன்" என்றார்.

தாளில் ஆங்கிலத்தில் வியாதியின் பெயர் இருந்தது. கல்லூரியில் படிக்கிற என் மகன் அதை வராந்தாவில் நின்று போனில் போட்டுப் பார்த்திருக்கிறான். முகம் வெளுத்து உள்ளே வந்தான். பெயரில் 'மாலிக்னன்ட்' என்று இருக்கிறது. இது கேன்சருக்குச் சொல்கிற வார்த்தை இல்லையா? டாக்டரம்மா அவனை உட்கார வைத்து, இது கேன்சர் இல்லை, கிருமித் தொற்று என்றார். 1968இல் ஓர் அமெரிக்க டாக்டர் வைத்த பெயராம் அது. அப்போது இது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை, அந்தப் பயத்தில் வைத்த பெயர். இப்போது மருந்து இருக்கிறது, ஆனால் நாள் ஆகும். கேன்சரும் சில சமயம் இதே மாதிரி வேஷம் போடும் என்பதால்தான் துணுக்கு எடுத்திருக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மூன்றாம் நாள் அந்த ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. அந்த மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

கல்ச்சரில் வந்த கிருமியின் பெயர் சூடோமோனாஸ். ஈரத்தில் எங்கும் இருக்கிற கிருமியாம், நல்ல உடம்புக்காரனைப் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் செய்யாதாம். நான் சர்க்கரையை 318இல் வைத்து, காதை ஊறவைத்து, சாவியால் கீறியும் கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் அதற்கு என்ன வரவேற்பு வேண்டும்?

ஒன்பது நாள் படுத்திருந்தேன். தினம் மூன்று வேளை ஊசி மருந்து, நாலு வேளை சர்க்கரை பார்த்து இன்சுலின், ஒருநாள் விட்டு ஒருநாள் மைக்ராஸ்கோப் அடியில் சுத்தம். இடது கண் மூடவில்லை. திறந்தே இருந்தால் விழி காய்ந்து புண்ணாகிவிடும். நர்ஸ் பகலுக்குச் சொட்டு மருந்தும், ராத்திரிக்கு இமையை மூடி மைக்ரோபோர் டேப் ஒட்டுவதும் என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு தடவை தன் கண்ணிலேயே ஒட்டிக் காட்டினார். இவள் ஒட்டப் பழகி முதல் நாள், "ஏங்க, கூட்டுறவு பேங்க் கவர் ஒட்டின மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். ஒரு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் பதிலுக்குப் பாதி வாயால் சிரித்தேன்.

வார்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தம். தலையணை கல். காலையில் எல்லோருக்கும் ஒரே காபி, சர்க்கரை போட்டே வரும். சர்க்கரைக்காரருக்கு ஒரு பக்கம் இன்சுலின் ஏற்றிக்கொண்டு மறுபக்கம் இனிப்புக் காபி கொடுப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் புகார் சொன்னேன், நாலாம் நாள் எனக்கு மட்டும் மாறியது. பக்கத்துக் கட்டில்காரர் சொல்லாததால் அவருக்கு வந்துகொண்டேதான் இருந்தது.

கீழே இருக்கிற மருந்துக் கடைக்காரரைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது சிப்ரோஃபிளாக்சசின் 750, காலை மாலை, ஆறு வாரத்துக்கு எழுதினார்கள். அவர் மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, "எதோட முழுங்குவீங்க?" என்று கேட்டார். வெறும் வயிற்றில் எரியும், பாலோடுதான் என்றாள் மனைவி. மாத்திரையை உள்ளே இழுத்துக்கொண்டார்! பால், தயிர், கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற பிங்க் மருந்து எல்லாமே இதைக் கட்டிப்போட்டுவிடும், ரத்தத்தில் சேரவிடாது. இதைப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு இவை எதுவும் கூடாது, இவற்றில் ஏதாவது சாப்பிட்டிருந்தால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் இது என்று அட்டையில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். குதிகாலுக்கு மேலே தசைநார் வலித்தால் உடனே வந்து சொல்லுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கவும் செய்யும் என்றும் சொன்னார். டாக்டரம்மாவும் இதையெல்லாம் சொல்லியிருந்தார், ஆனால் டிஸ்சார்ஜ் அவசரத்தில் எங்கள் மண்டையில் ஏறவில்லை. கடைக்காரர் கேட்டிராவிட்டால் ஆறு வாரமும் பாலோடு விழுங்கியிருப்பேன்.

மூன்றாவது வாரம் வலி சுத்தமாக நின்றது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். திட்டு விழுந்தது. வலி போனது காதுக்கு, எலும்புக்கு இன்னும் போகவில்லை. ஈஎஸ்ஆர் என்று, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற ஒரு ரத்தப் பரிசோதனை, சேர்ந்த அன்று 96 இருந்தது. ஒன்பதாம் நாள் 61, மூன்றாவது வாரம் 38. இருபதுக்குக் கீழே வந்து அங்கேயே நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆறு வாரம் என்று சொன்னது எட்டு வாரம் ஆனது.

காது கேட்கும் பரிசோதனை எடுத்த அன்றுதான் எனக்குள் இருந்த ரேடியோ செட்காரன் முழித்துக்கொண்டான். சின்னக் கண்ணாடி அறை, உள்ளே நாற்காலி, ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கதவைச் சாத்தினதும் முதலில் கேட்டது பரிசோதனைச் சத்தம் இல்லை, பக்கத்து அறை ஏசி கம்ப்ரஸரின் 'ம்ம்ம்' ஹம். கதவின் ரப்பர் ஓரிடத்தில் பிய்ந்திருந்தது. 250, 500 ஹெர்ட்ஸ் என்று கீழ் ஸ்தாயி வரும்போது இந்த ஹம் அதை மூடிவிடும். பரிசோதிக்கிற பெண்ணிடம் சொன்னேன். நம்பாமல் தானே உள்ளே உட்கார்ந்து கேட்டார். போய் ஏசியை அணைத்துவிட்டு வந்து மறுபடி ஆரம்பித்தார். அடுத்த வாரம் போனபோது ரப்பர் புதிதாக இருந்தது. சொன்னால் கேட்கிற இடம் என்பதற்கு இதைச் சொல்கிறேன். டிவி விஷயத்தில் மட்டும் ஏனோ கேட்கவில்லை.

கோடு போட்ட தாளை டாக்டரம்மா விரித்துக் காட்டினார். ஈக்வலைசரில் வருகிற அதே எண்கள்தான், படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடது காது ஏறக்குறையப் பழையபடி வந்திருந்தது. ஆனால் 4000இல் இரண்டு காதிலும் ஒரே மாதிரி ஒரு பள்ளம், கிணறு மாதிரி. வலது காதில் கிருமி போகவே இல்லையே, அங்கே ஏன் பள்ளம்? "இது கிருமி செஞ்சதில்ல ஐயா. எத்தனை வருஷமா பெட்டி பக்கத்துல நிக்கிறீங்க?" என்றார். 31 என்றேன். எழுதிக்கொண்டார். இது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று வருடமாக என்னிடம் வேலை செய்கிற பையன் "அண்ணே, ட்ரெபிள் ஜாஸ்தியா வெக்கிறீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். உனக்கு என்னடா தெரியும் என்று அவனை விரட்டியிருக்கிறேன்.

காசு விஷயம். பார்க்க 400, ஒவ்வொரு தடவை சுத்தம் செய்ய 700, வெளியே எடுத்த ஸ்கேன் தனி. அறை, ஊசி, எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து 38 ஆயிரம் ஆனது. சங்கிலி அடகில் இருக்கிறது. பில்லில் பஞ்சு, ஊசிக்குழாய் வகையறா என்று மொத்தமாக 6,400 போட்டிருந்தார்கள். பிரித்துக் கொடுங்கள் என்றேன். முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள், இரண்டு தடவை விழுந்த ஓர் அயிட்டத்துக்கு 1,100 குறைந்தது. நீங்களும் கேளுங்கள். லிஃப்ட் இல்லை. காது ஆஸ்பத்திரிக்குத் தலைசுற்றல்காரர்கள்தான் பாதிப் பேர் வருகிறார்கள், மாடிப்படியில் ஒரு பக்கம் மட்டும்தான் கைப்பிடி. கூட ஓர் ஆளோடு போங்கள். காலை ஏழு மணிக்குப் போனில் டோக்கன் போட்டால் பதினொரு மணிக்குள் வெளியே வரலாம். சர்க்கரை இருக்கிறவர்கள் காதில் தண்ணீர் பீய்ச்ச யாரையும் விட வேண்டாம், அதற்கு முன்னால் இங்கே போங்கள்.

முகம் இப்போது முக்கால்வாசி வந்துவிட்டது. 'ப', 'ம' இரண்டும் வருகிறது. விசில்தான் இன்னும் வரவில்லை. குளிக்கும்போது வாசலின் தடவின பஞ்சு. பைக் சாவி பைக்கோடு சரி.

போன வாரம் செக்கப்புக்குப் போனபோது கடையிலிருந்து ஒரு சின்ன பாக்ஸ் ஸ்பீக்கரை எடுத்துப் போய் அந்த டிவிக்கு மாட்டிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. ட்ரெபிளைப் பாதிக்குக் கீழே வைத்து, யாரும் திருப்பாமல் இருக்க நாபின் மேல் மைக்ரோபோர் டேப்பை ஒட்டினேன். கண்ணுக்கு ஒட்டி மிச்சமிருந்த ரோல்தான். கூடத்தில் எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். படியில் பாதி இறங்கியிருப்பேன். "கேக்கலம்மா" என்று ஒரு பெரியவர் குரல். டேப்பைக் கிழிக்கிற சத்தம் இடது காதில் தெளிவாகக் கேட்டது.